ஒரே ஒரு பிரவுன் பெயின்ட் பாட்டில்

நியூ ஜெர்சியில் நான்கு வயதுப் பிள்ளைகளின் ப்ரீஸ்கூல் வகுப்பு. பதினைந்து பேர், அதில் ஒன்பது பேர் கறுப்பினக் குழந்தைகள். ஆசிரியையாக நான், உதவிக்கு இன்னொருவர். அந்த முதல் வருஷத்தில் கைக்காசு 330 டாலர் வீணாய்ப் போனது, ஐந்து மாதம் போனது, இரண்டு அம்மாக்கள் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார்கள். ஆகஸ்டிலேயே யாராவது உட்காரவைத்து நாலு விஷயம் சொல்லியிருந்தால் இதில் முக்கால்வாசி நடந்திருக்காது. இப்போது நிறையத் தமிழ்ப் பெண்கள் 120 மணி நேரப் பயிற்சி, 480 மணி நேர அனுபவம் என்று சிடிஏ என்ற ப்ரீஸ்கூல் ஆசிரியர் சான்றிதழை முடித்துவிட்டு இந்த ஊர் வகுப்பறைகளுக்குள் நுழைகிறார்கள். பயிற்சியில் 'பன்முகத்தன்மை' என்று ஒரு பாடம் கட்டாயம் வரும். பின்னிய தலையில் மணல் ஏறினால் என்ன செய்வது என்பது வராது. அதனால் இது.

செப்டம்பர் முதல் வாரம் எல்லா வகுப்பிலும் 'இதுதான் நான்' ஓவியம் வரையச் சொல்வோம். மேஜையில் ஒரு பிரவுன் பாட்டில், ஒரு பீச் நிற பாட்டில். ஒரு கறுப்பினச் சிறுமி தன் முகத்துக்கு பீச் நிறத்தை எடுத்தாள். பக்கத்தில் இருந்த பையன் பிரவுனைக் காட்டி "அது அழுக்குக் கலர்" என்றான். "எல்லாக் கலரும் அழகுதான்" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு நகர்ந்தேன். முதல் தப்பு அதுதான். நான்கு வயதுப் பிள்ளைக்கு அந்த பதிலில் கேட்பது 'இதைப் பற்றிப் பேசாதே' என்பது மட்டும்தான். பீச் என்று இன்று விற்கும் க்ரேயானுக்கே க்ரேயோலா கம்பெனி 1962 வரை வைத்திருந்த பெயர் 'ஃப்ளெஷ்', அதாவது சதை நிறம். யாருடைய சதை என்று யாரும் கேட்கவில்லை. தோல் நிறங்களுக்கென்றே 24 க்ரேயான்கள் கொண்ட பெட்டியை அவர்கள் கொண்டுவந்தது 2020-ல். அந்தப் பெட்டி ஒன்றை வாங்கிவையுங்கள், ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். நிறத்தைக் கலப்பதில்தான் விஷயமே இருக்கிறது.

கலக்கும் முறை இப்படி. பிரவுன் டெம்பெரா பெயின்ட் நான்கு ஸ்பூன் அடிப்படை. இளம் நிறம் வேண்டுமென்றால் முதலில் மஞ்சள் அரை ஸ்பூன், பிறகுதான் வெள்ளை, அதுவும் சொட்டுச் சொட்டாக. எடுத்தவுடன் வெள்ளையை ஊற்றினால் சாம்பல் பூத்த நிறம் வரும், எந்த மனிதருக்கும் அந்த நிறம் கிடையாது. செம்மை கலந்த பிரவுனுக்குச் சிவப்பு கால் ஸ்பூன். ஆழ்ந்த கரும்பழுப்பு வேண்டுமென்றால் கறுப்பு பெயின்டைத் தொடாதீர்கள், நிறம் செத்துப்போகும். நீலம் கால் ஸ்பூன் விட்டுப் பாருங்கள், பிரவுன் உயிரோடு ஆழமாகும். ஜன்னல் ஓரமாக உட்காருங்கள், ட்யூப்லைட் வெளிச்சத்தில் எல்லா நிறமும் பொய் சொல்லும். பெயின்டைத் தோலில் தடவ வேண்டாம், எக்ஸிமா உள்ள பிள்ளைகள் இருப்பார்கள். காகிதத் துண்டில் தொட்டு முன்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். ஒரு தடவைக்கு மூன்று பிள்ளைகள், இருபது நிமிஷம், மொத்தம் ஐந்து சுற்று, இரண்டு காலை வேளை ஆகும். பதினைந்து பேரையும் ஒன்றாக உட்காரவைத்தால் கடைசியில் மிஞ்சுவது ஒரு வாளி சேறு. வந்த நிறத்துக்குப் பெயர் வைப்பது பிள்ளையின் வேலை, நாம் சாக்லேட், காபி என்று எடுத்துக்கொடுக்கக் கூடாது. ஒருத்தி தன் நிறத்துக்கு 'நானாவோட சோபா' என்று பெயர் வைத்தாள், நானா என்றால் பாட்டி. மூடி போட்ட சின்ன டப்பாவில் அந்தப் பெயரை எழுதி ஒட்டிவைத்தால் வருஷம் முழுக்க எந்த ஓவியத்துக்கும் அவரவர் டப்பாவைத் தேடி எடுப்பார்கள். இடையில் "கழுவினா போயிடுமா?", "உள்ளங்கை மட்டும் ஏன் வேற கலர்?" என்று கேள்வி வரும். நேராகச் சொல்லுங்கள்: போகாது, அது அழுக்கு இல்லை, தோலுக்குள் மெலனின் என்று ஒரு பொருள் எல்லாருக்கும் இருக்கிறது, சிலருக்கு நிறைய, உள்ளங்கையில் எல்லாருக்குமே கொஞ்சம்தான்.

இங்கே நம் வீட்டு அழுக்கையும் கொஞ்சம் பேச வேண்டும். 'கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா' என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த 'இருந்தாலும்' ஆங்கிலத்திலும் கூடவே வரும். மாலையில் பிள்ளையை அழைத்துப்போக வந்த ஒரு அம்மாவிடம், பாராட்டுவதாக நினைத்து அதே வாக்கியத்தை 'பட்' போட்டுச் சொன்னேன். அவர் முகம் மூடிக்கொண்டதை இன்னும் மறக்க முடியவில்லை. முகத்துக்கு முன் நிற்கிற 'இருந்தாலும்'-ஐ எடுத்துவிட்டால் மிச்சம் எல்லாம் தானாகச் சரியாகும். அதேபோல வீட்டில் போனில் பேசும்போது 'கருப்பனுங்க' என்றும், இலங்கைத் தமிழர் வீடுகளில் 'காப்பிலி' என்றும் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். பின்னது 'காஃபிர்' என்ற வசைச்சொல்லின் வழி வந்தது. தமிழ் யாருக்குப் புரியப்போகிறது என்று நினைக்காதீர்கள். அந்தத் தொனியை நம் வீட்டுப் பிள்ளையே வகுப்புக்கு எடுத்துவரும்.

அக்டோபரில் பொம்மைக்கு 89 டாலர் போனது. 'பல இனப் பொம்மைகள்' என்று ஆறு பொம்மை உள்ள ஒரு செட். பிரித்துப் பார்த்தால் ஆறுக்கும் ஒரே அச்சு: ஒரே மூக்கு, ஒரே உதடு, ஒரே நேர்முடி, பெயின்ட் மட்டும் வேறு. வாங்கும் முன் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: மூக்கும் உதடும் வேறாக இருக்கின்றனவா, சுருள்முடி தனியாக நட்டதா அல்லது தலையிலேயே வார்த்த பிளாஸ்டிக்கா, தோல் மங்கலான சாக்பீஸ் பிரவுனா. ஆறில் ஒன்று கறுப்புப் பொம்மை என்று வாங்காமல் நிறத்தில் வேறுபட்ட மூன்றாவது வாங்குங்கள். ஒன்றே ஒன்று இருந்தால் அது 'அந்தப் பொம்மை' ஆகிவிடும். எங்கே வைக்கிறீர்கள் என்பதும் உண்டு. கூடையின் அடியில் கிடப்பதை எந்தப் பிள்ளையும் எடுக்காது. காலையில் பிள்ளைகள் வரும் முன் அதற்குச் சட்டை போட்டு, தலை சீவி, தொட்டிலில் போர்த்திப் படுக்கவையுங்கள். யாரோ அக்கறையாகப் பார்த்துக்கொண்ட பொருள் என்பது பிள்ளைக்குச் சட்டென்று புரியும். உளவியலாளர்களான கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதி 1940-களில் மூன்று முதல் ஏழு வயதுக் கறுப்பினப் பிள்ளைகளிடம் நிறத்தில் மட்டும் வேறுபட்ட நான்கு பொம்மைகளைக் காட்டி எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள், பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன 1954-ம் ஆண்டு பிரவுன் வழக்குத் தீர்ப்பின் அடிக்குறிப்பில் கிளார்க்கின் ஆய்வு இடம்பெற்றிருக்கிறது. தயவுசெய்து வகுப்பில் அந்தச் சோதனையைத் திரும்ப நடத்தி வீடியோ எடுக்காதீர்கள். விடை தெரிந்த கேள்வியைக் கேட்டு நான்கு வயதுப் பிள்ளையை நோகடிப்பதில் யாருக்கும் பயனில்லை.

இனி முடி. அம்மாக்கள் பேச்சை நிறுத்தியது இதில்தான். கார்ன்ரோ, பாக்ஸ் பிரெய்ட், ட்விஸ்ட் என்று பின்னி, முனையில் மணி கோத்த தலை என்றால் அதன் பின்னால் ஒரு முழுச் சனிக்கிழமை இருக்கிறது. கழுவி, சிக்கெடுத்து, எண்ணெயோ ஷியா பட்டரோ தடவி, வகிடு பிரித்துப் பின்ன மூன்று நான்கு மணி நேரம், சலூனில் என்றால் பணமும் சேர்ந்து. அது இரண்டு மூன்று வாரம் தாங்க வேண்டும். திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு மணல் மேஜையில் ஒரு பையன் கை நிறைய அள்ளி வீசினான், எல்லாம் முடிந்தது. உச்சந்தலையில் எண்ணெய்ப்பசை இருப்பதால் மணல் வகிட்டில் ஒட்டிக்கொள்கிறது, பின்னலுக்கு உள்ளே இறங்கிவிடுகிறது. சீப்பு போட முடியாது, தட்டினால் உதிராது. எல்லாப் பின்னலையும் அவிழ்த்துக் கழுவுவது ஒன்றே வழி. இதற்குத் தீர்வாக 32 டாலர் கொடுத்து கைனடிக் சாண்ட் வாங்கினேன். அது இன்னும் மோசம், சிலிகோன் எண்ணெய் பூசிய மணல் முடியில் பசை மாதிரி அப்பிக்கொள்கிறது.

கடைசியில் சரிப்பட்டது இதுதான். உள்ளே சாட்டின் துணி வைத்த தொப்பி, ஆளுக்கு ஒன்று, பெயர் எழுதி. பேன் தொற்றும் என்பதால் மாற்றிப் போடக் கூடாது. கறுப்பினப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தால் அது தண்டனை போல ஆகிவிடும், அதனால் மணல் மேஜைக்கு வருகிற யாரானாலும் தொப்பி, சமையல்காரர் ஏப்ரன் போடுவது மாதிரி. ஒரு நேரத்தில் நான்கு பேர், ஒரு ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். தண்ணீர் விளையாட்டு உள்ள நாளை முந்தின வாரமே வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள், அயர்ன் செய்து நேராக்கிய முடியில் நான்கு சொட்டு விழுந்தாலும் சுருண்டுவிடும். தூக்க நேரத்துக்கு பானெட் என்ற தலையுறை கொடுத்தனுப்பினால் அதைப் பைக்குள்ளேயே விட்டுவிடாமல் போட்டுவிடுங்கள், கட்டிலின் பருத்தி விரிப்பு முடியின் ஈரப்பசையை உறிஞ்சும், உரசி இழைகளை உடைக்கும். அவிழ்ந்த மணியைப் பெயர் எழுதிய சின்ன ஜிப் கவரில் போட்டு அன்றே கொடுங்கள். அவிழ்ந்த பின்னலை நீங்களாகப் பின்னாதீர்கள், நான் பின்னினேன், நல்லெண்ணத்தில்தான், இரண்டாவது அம்மா பேச்சை நிறுத்தியது அதனால்தான். முதலில் வீட்டில் கேட்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கக் கை நீட்டுவார்கள். "கேட்டுட்டு தொடு" என்பது பாதி விதிதான். "அவ வேணாம்னா கையை எடுத்துடணும்" என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முடியின் அமைப்பை, பாதுகாப்புப் பின்னல்களைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கும் கிரௌன் சட்டம் 2019-ல் கலிபோர்னியாவில் தொடங்கியது, நியூ ஜெர்சியும் அதே வருஷம் டிசம்பரில் கொண்டுவந்தது. 'தலையைக் கொஞ்சம் நீட்டாக வாரி அனுப்புங்கள்' என்று வீட்டுக்குச் சீட்டு எழுதும் முன் அதை நினைவில் வையுங்கள்.

இதே முடியை விளையாட்டாக்கியதுதான் அந்த வருஷத்தின் உருப்படியான வேலை. பாவனை விளையாட்டு மூலையைச் சலூனும் பார்பர் கடையுமாக மாற்றினோம். கழுவிய காலி எண்ணெய்ப் பாட்டில்கள், தெளிப்பான், அகலப்பல் சீப்பு, ஆஃப்ரோ பிக் என்ற நீளப்பல் சீப்பு, தோளில் கட்டும் துணி, உடையாத அக்ரிலிக் கண்ணாடி, விலைப் பலகை. சீப்பு பொம்மைத் தலைக்கு மட்டும். மூன்று இழைப் பின்னல் இந்த வயதில் பெரும்பாலோருக்கு வராது, தடித்த கம்பளி நூலை இரண்டு இழையாகப் பலகையில் கட்டிக் கொடுத்தால் முறுக்குவார்கள். விலை எழுதுவது, காத்திருக்கும் வரிசை, எண்ணிக்கொடுக்கும் டாலர் என்று கணக்குப் பாடமும் அங்கேயே நடந்தது. செலவு பதினொரு டாலர்.

தோல் பராமரிப்பு பற்றிச் சுருக்கமாக. கை கழுவக் கழுவ, குளிர்காலத்தில் கறுப்புத் தோலில் வறட்சி சாம்பல் பூத்தாற்போலத் தெரியும், பிள்ளையை அப்படி அனுப்புவது வீட்டாருக்குக் கௌரவக் குறைச்சல். மணமில்லாத லோஷனுக்கு எழுத்து மூலமாக அனுமதி வாங்கிவைத்து எல்லாருக்கும் தடவுங்கள். தடிப்போ காய்ச்சலோ வந்தால் 'சிவந்திருக்கிறதா' என்று தேடிப் பயனில்லை. கறுப்புத் தோலில் அது ஊதாவாகவோ கரும்பழுப்பாகவோதான் வரும், அதனால் சூட்டையும் வீக்கத்தையும் பாருங்கள், மறுபக்கத்தோடு ஒப்பிடுங்கள். வெளிறியிருக்கிறதா என்பதை உதட்டின் உள்பக்கத்தில் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், பிறவியிலேயே வரும் நீலச் சாம்பல் திட்டுகள். இடுப்பின் கீழும் பின்புறத்திலும் இருக்கும், கறுப்பினக் குழந்தைகளிடம் சகஜம், நம் ஊர்க் குழந்தைகளிடமும் சகஜம். தெரியாதவர் கண்ணுக்கு அடிபட்ட காயம். நியூ ஜெர்சியில் சந்தேகம் வந்தால் புகார் செய்யும் கடமை எல்லாருக்கும் உண்டு, ஆகவே தவறான ஒரு பார்வை ஒரு குடும்பத்தையே விசாரணையில் நிறுத்திவிடும். அடிபட்ட காயம் சில நாளில் பச்சையாகி மஞ்சளாகி மறையும், இந்தத் திட்டு அப்படியே இருக்கும். சேர்க்கை நாளிலேயே உடல் வரைபடத்தில் இடத்தைக் குறித்துப் பெற்றோரின் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஐந்து நிமிஷ வேலை.

மொழியில் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. பிள்ளை "ஹி பி ஈட்டிங்" என்று சொன்னால் மற்ற ஆசிரியைகள் உடனே திருத்துவார்கள். அது இலக்கணப் பிழையே இல்லை, கறுப்பின ஆங்கிலத்துக்குரிய இலக்கணம். 'சாப்பிட்டுக்கிட்டு இருக்கான்' என்பதற்கும் 'எப்பப் பாத்தாலும் சாப்பிட்டுக்கிட்டு இருப்பான்' என்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் அது. ஜேனிஸ் ஜாக்சன் நடத்திய சோதனை ஒன்று உண்டு: படத்தில் 'செசமி ஸ்ட்ரீட்' டிவி நிகழ்ச்சியின் பொம்மையான, எப்போதும் குக்கி தின்னும் குக்கி மான்ஸ்டர் நோயாகப் படுத்திருக்கிறது, இன்னொரு பொம்மையான எல்மோ குக்கி தின்கிறது. "ஹூ பி ஈட்டிங் குக்கீஸ்?" என்று கேட்டால் கறுப்பினப் பிள்ளைகள் படுத்திருக்கும் குக்கி மான்ஸ்டரைக் காட்டினார்கள். வழக்கமாகத் தின்பது அதுதானே. 'வந்துச்சு' என்று பேசி 'வந்தது' என்று எழுதிப் பழகிய நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பேச்சைத் திருத்தாமல் விஷயத்துக்குப் பதில் சொல்லுங்கள், கதை நேரத்தில் புத்தக ஆங்கிலம் காதில் விழட்டும். பெயரும் அப்படித்தான். 'கஷ்டமான பெயர்' என்று சுருக்காதீர்கள். நம் பெயரை அவர்கள் சுருக்கியபோது எப்படி இருந்தது? வீட்டாரைச் சொல்லவைத்துப் போனில் பதிவு செய்து நாலு தடவை பழகுங்கள்.

டிசம்பரில் 45 டாலருக்கு ஒரு குவான்சா செட் வாங்கினேன். கறுப்பின அமெரிக்கர்களுக்காக 1966-ல் மௌலானா கரெங்கா தொடங்கிய பண்டிகை, டிசம்பர் 26 முதல் ஜனவரி 1 வரை, ஏழு மெழுகுவத்தி: மூன்று சிவப்பு, நடுவில் ஒரு கறுப்பு, மூன்று பச்சை. தகவல் எல்லாம் சரி. என் வகுப்பின் ஒன்பது குடும்பங்களில் ஒன்றுகூட அதைக் கொண்டாடவில்லை. மூன்று குடும்பம் ஹெய்தியிலிருந்து வந்தவை, அவர்களுக்கு ஜனவரி 1 என்றால் 1804-ல் கிடைத்த விடுதலையின் நினைவாகப் பூசணி சூப். இரண்டு குடும்பம் நைஜீரியா. மிச்சம் நாலும் தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருப்பவர்கள். தென்னிந்தியர் எல்லாரும் ஓணம் கொண்டாடுவார்கள் என்று யாராவது சொன்னால் நாம் சிரிப்போம், நான் செய்தது அதுதான். கேட்டிருக்கலாம். இப்போது ஆகஸ்டில் எல்லாக் குடும்பத்துக்கும், கறுப்பினத்தவருக்கு மட்டும் அல்ல, ஒரே பக்கப் படிவம் போகிறது: பெயரை எப்படிச் சொல்ல வேண்டும், முடிக்கும் தோலுக்கும் என்ன கவனம் வேண்டும், பாட்டியைப் பிள்ளை எப்படிக் கூப்பிடும், தூங்கவைக்கும் பாட்டு எது, எந்த நாள் வீட்டில் பெரிய நாள்.

பிப்ரவரி இங்கே கறுப்பின வரலாற்று மாதம், அதற்கு 126 டாலர் புத்தகம், 38 டாலர் போஸ்டர். புத்தகங்களில் பாதி அடிமை வாழ்க்கையும் சிறையும் நாய்களும். நான்கு வயதுப் பையன் ஒருவன் புத்தகத்தை மூடிவிட்டு "என்னையும் பிடிச்சுட்டுப் போவாங்களா?" என்று கேட்டான், அன்றைக்கே அந்தப் பெட்டியைக் கட்டிவிட்டேன். வரலாற்றாசிரியர் கார்ட்டர் வுட்சன் 1926-ல் ஒரு வாரமாகத் தொடங்கியது 1976-ல் மாதமாயிற்று, நல்லது. ஆனால் மார்ச் 1-ம் தேதி போஸ்டரைக் கழற்றினால் பிள்ளை அதிலிருந்தும் ஒன்று கற்கும். இந்த வயதுக்கு வேண்டியது குளிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும், தம்பியோடு சண்டை போடும், பனியில் விளையாடும் கறுப்பினப் பிள்ளையின் கதை, செப்டம்பர் முதலே, அலமாரியில் நாலில் ஒன்றாவது. 1985-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழக நூலகர்கள் எண்ணியபோது அந்த வருஷம் வந்த சுமார் 2,500 சிறுவர் நூல்களில் கறுப்பினத்தவர் எழுதியதோ வரைந்ததோ வெறும் 18. இன்று அந்தப் பஞ்சம் இல்லை, பொது நூலக அட்டை போதும், காசு தேவையில்லை. ஒரு எச்சரிக்கை: கறுப்பின விவசாய விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் பீநட் பட்டரைக் கண்டுபிடித்தார் என்று அந்த போஸ்டரில் போட்டிருந்தது, அது தவறு. நான்கு வயதுக்குப் புரிகிற ஆள் வேண்டுமென்றால் சூப்பர் சோக்கர் தண்ணீர்த் துப்பாக்கியைக் கண்டுபிடித்த லானி ஜான்சன் இருக்கிறார்.

எழுதச் சங்கடமான ஒன்று மிச்சம். 2013-14 அரசுக் கணக்கின்படி அரசுப் ப்ரீஸ்கூல் பிள்ளைகளில் 19 சதவீதம் கறுப்பினத்தவர், இடைநீக்கம் செய்யப்பட்டவர்களிலோ 47 சதவீதம். 2016-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களிடம் ஒரு வீடியோவைக் காட்டி, யார் சேட்டை செய்யப்போகிறார்கள் என்று கவனிக்கச் சொன்னார்கள். வீடியோவில் சேட்டையே இல்லை, ஆனால் கண்கள் அதிக நேரம் நின்றது கறுப்பினப் பையன் மேல். நான் அப்படி இல்லை என்று நானும் நினைத்தேன். ஜனவரியில் உதவி ஆசிரியையிடம் ஒரு தாளைக் கொடுத்து, நான் யார் பெயரைச் சொல்லி அதட்டுகிறேன் என்று இரண்டு வாரம் கோடு போடச் சொன்னேன். மொத்தம் 61 கோடு, இரண்டே இரண்டு கறுப்பினப் பையன்கள் மேல் 34. அதே மணலை வீசிய வேறொரு பையனுக்கு நான்கு. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன், அன்று சமைக்கவில்லை. சம்பவ அறிக்கையில் 'ஆக்ரோஷமாக' என்று எழுதுவதை அத்தோடு விட்டேன், 'வலது கையால் தள்ளினான், மற்றவன் உட்கார்ந்துவிட்டான்' என்று கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். கோடு போடும் தாள் வருஷத்துக்கு மூன்று முறை வருகிறது.

காசு விஷயம்: ஆசிரியர்கள் கைக்காசுக்குக் காட்டும் வருமானவரிக் கழிவு கிண்டர்கார்டன் முதல் 12-ம் வகுப்பு வரைதான், ப்ரீஸ்கூலுக்கு இல்லை. அதனால் பில்லை வைத்துக்கொண்டு ஏப்ரலில் ஏமாறாதீர்கள், வாங்கும் முன்பே நிர்வாகத்திடம் கேளுங்கள். நூறு டாலர்தான் இருக்கிறதென்றால் முதலில் பெயின்ட், பிறகு தொப்பிகள், மூன்றாவதாகத்தான் பொம்மை. ஜூனில் பிள்ளைகள் கிண்டர்கார்டனுக்குப் போகும்போது படிவத்தின் நகலையும், வீட்டார் சம்மதித்தால் பெயர் உச்சரிப்புப் பதிவையும் அடுத்த ஆசிரியைக்குக் கொடுக்கிறேன். பெயின்ட் டப்பாவைப் பிள்ளைகளே எடுத்துப் போய்விடுகிறார்கள். 'நானாவோட சோபா' டப்பாவில் கடைசியாக அரை ஸ்பூன்தான் இருந்தது, அதற்கு மேலும் கொஞ்சம் கலந்து தரச் சொன்னாள், நீலம் எவ்வளவு என்று அவளே சொன்னாள்.